திறமூலம்: நமக்கு இல்லாத சிக்கலுக்குப் பிறந்த சொல்

கணினித்துறை ஆய்வேட்டைத் தமிழில் எழுதத் துணியும் மாணவருக்குத் தலைப்பிலேயே இடறும் சொல் ‘ஓப்பன் சோர்ஸ்’. நிரலை எவரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் விடும் மென்பொருளுக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். திறந்த மூலம், திறமூலம், கட்டற்ற மென்பொருள் என்று மூன்று வழக்குகள் கண்ணில் படுகின்றன. மூன்றும் ஒன்றுதானே என்று பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி எழுதிவிடுவோரும் உண்டு. ஒன்றல்ல.

‘சோர்ஸ்’ பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் வேர் ‘மேலெழு’ என்னும் பொருளுள்ள இலத்தீன் வினை. நீர் மேலெழும் ஊற்றுக்கண், ஆறு தோன்றும் இடம் என்ற பொருள் அதில் இன்றும் உண்டு. மென்பொருளில், மனிதர் எழுதிப் படிக்கும் நிரல்தான் அந்த ஊற்று. கணினிக்கென மாற்றப்பட்ட கோப்பு மட்டும் கையில் இருந்தால் இயக்கலாம், திருத்துவது பெரும்பாடு.

‘ஓப்பன்’, ‘சோர்ஸ்’ இரண்டும் சேர்ந்து மென்பொருளுக்குப் பெயரான கதை 1998இல் நடந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் இணைய உலாவியின் மூலநிரலை வெளியிடப்போவதாக அறிவித்தது. பிப்ரவரி தொடக்கத்தில் கலிபோர்னியாவில் மென்பொருள் ஆர்வலர் சிலர் கூடிப் பேசியபோது, அவர்களுள் ஒருவரான கிறிஸ்டின் பீட்டர்சன் யோசித்து வைத்திருந்த ‘ஓப்பன் சோர்ஸ்’ ஏற்கப்பட்டது. உளவுத்துறையில் வெளிப்படையாகக் கிடைக்கும் தகவலுக்கு அந்தத் தொடர் ஏற்கெனவே வழங்கிவந்தது. மென்பொருளுக்குப் பெயரானது அப்போதுதான். லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் உருவாக்கிய லினக்ஸ் இயங்குதளத்தைப் பற்றி ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்துக்கு முதுகலை ஆய்வேடு எழுதியது 1997இல். இன்று இத்துறைக்கே எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் மாணவர், துறையின் பெயர் பிறக்கும் முன்பே ஆய்வேட்டை முடித்துவிட்டார்!

புதுப் பெயர் எதற்கு? அமெரிக்க நிரலர் ரிச்சர்ட் ஸ்டால்மன், எவரும் மாற்றிப் பகிரக்கூடிய இயங்குதளம் ஒன்றை உருவாக்க 1983இல் அறிவித்த குனூ திட்டத்திலிருந்து வளர்ந்த இயக்கம் ‘ஃப்ரீ சாஃப்ட்வேர்’ என்றே சொல்லிவந்தது. ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்றால் விடுதலை. காசில்லாமல் கிடைப்பதும் ‘ஃப்ரீ’தான். நிறுவனங்களுக்கு இரண்டாவது பொருளே முதலில் காதில் விழுந்தது. அந்தக் குழப்பத்தைத் தாண்டத்தான் புதுப் பெயர்.

தமிழுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. விலையில்லாதது இலவசம், தளையில்லாதது கட்டற்றது. இரண்டையும் யாரும் மாற்றிப் புரிந்துகொள்ள மாட்டார்கள். விக்கிப்பீடியா தன்னைக் ‘கட்டற்ற கலைக்களஞ்சியம்’ என்று அழைத்துக்கொண்டபோது எவரும் விளக்கம் கேட்கவில்லை. ஆங்கிலத்தார் தங்கள் சங்கடத்துக்குச் செய்த மருந்தை, நோயே இல்லாத நாம் எழுத்தெண்ணி மொழிபெயர்த்துக் குடிக்கிறோம் என்பது என் எண்ணம்.

நோய் என்றதும் நினைவுக்கு வருகிறது. ‘மூலம்’ வடமொழிச் சொல். வேர், முதல் என்று பொருள். நம் வழக்கில் அது ஒரு நட்சத்திரம், ஆசனவாயில் வரும் ஒரு நோய், ‘வாயிலாக’ என்பதற்கான சொல்லுருபும்கூட. ‘திறந்த மூலம் மூலம் உருவாக்கப்பட்டது’ என்று எழுதிப் பாருங்கள். ஊரில் தாத்தாவிடம் தலைப்பை வாசித்துக் காட்டினால் அவர் பரிவோடு வைத்தியரைத்தான் சொல்வார்.

ஆனாலும் ‘திறமூலம்’ நல்ல ஆக்கம். குடிநீர், ஊறுகாய் போல வினைத்தொகை. திறந்த, திறக்கின்ற, திறக்கும் என மூன்று காலமும் அதில் அடங்கும். ‘திறந்த மூலம்’ என்பதில் இறந்தகாலம் மட்டுமே. ‘திறம்’ என்று பிரித்துப் படிக்க இடமுண்டுதான். ஒருமுறை விளக்கிவிட்டால் போதும்.

எதை எங்கே எழுதுவது? பயனருக்கு இயக்கவும், ஆராயவும், பகிரவும், மாற்றி வெளியிடவும் உள்ள உரிமையே ஆய்வின் மையம் என்றால் ‘கட்டற்ற மென்பொருள்’. நிரலைப் பலர் கூடி உருவாக்கும் முறை, நிறுவனங்கள் அதைப் பயன்படுத்தும் விதம், உரிமங்களின் ஒப்பீடு என்றால் ‘திறமூல மென்பொருள்’. நடைமுறையில் பெரும்பாலான மென்பொருள்கள் இரண்டு பெயருக்கும் பொருந்தும். வேறுபாடு பேசுபவர் எதை முன்னிறுத்துகிறார் என்பதில் இருக்கிறது.

நிரலைப் பார்க்க விட்டு, மாற்றவோ பகிரவோ தடைபோடும் உரிமங்களும் உண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பலகாரம் போல, பார்க்கலாம், தொட முடியாது. அவற்றுக்கு இந்த இரண்டு பெயரும் பொருந்தா. ‘பார்வைக்குத் திறந்த நிரல்’ என்று எழுதினால் தேர்வாளர் கேட்கும் முதல் கேள்வி குறையும்.