ஐந்து என்று பொறித்திருந்தால் ஐந்தா?

கல்யாணக் கச்சேரிகளில் ஆல்டோ சாக்சபோன் வாசிக்கும் தம்பி ஒருவர் போன மாசியில் என் பழுதுபார்க்கும் கடைக்கு வந்தார். கையில் பிரித்த ரீட் பெட்டி. ரீட் என்றால் ஊதும்போது அதிரும் நாணல் தகடு. "அண்ணே, பத்தும் மோசம். காற்றுதான் வருகிறது. இரண்டு கீர்த்தனைக்குள் உதடு மரத்துவிடுகிறது" என்றார். நாதஸ்வரக் குடும்பத்துப் பிள்ளை. பழக்கதோஷத்தில் ரீடைச் சீவாளி என்றே சொல்கிறார்.

ரீட்களில் குற்றமில்லை. ரீடை மாட்டி வாயில் வைத்து ஊதும் பழைய மவுத்பீஸ் தொலைந்து, புதிது வாங்கியிருந்தார். பழையதிலும் 5, புதியதிலும் 5. கம்பெனி மட்டும் வேறு. புதியதன் முனைத் திறப்பை அளந்தேன். 2.14 மி.மீ. அவர் அதுவரை வாசித்த மேயர் கம்பெனியின் 5 ஏறத்தாழ 1.80 மி.மீ. இருக்க வேண்டியது. மூன்றாம் எண் ரீடை இவ்வளவு அகலத் திறப்பில் மாட்டினால் உதடு மரக்காமல் என்ன செய்யும்?

ரீடின் நுனிக்கும் மவுத்பீஸின் நுனிக்கும் இடையிலுள்ள இடைவெளியைத்தான் முனைத் திறப்பு என்கிறோம். திறப்பு கூடினால் எண் குறைந்த மென்மையான ரீட், குறைந்தால் எண் கூடிய விறைப்பான ரீட். இது பொதுக் கணக்கு. மவுத்பீஸில் பொறித்திருக்கும் எண் அந்தந்தக் கம்பெனியின் சொந்தக் கணக்கு. ஆல்டோவில் யமஹா 4சி 1.60 மி.மீ., செல்மர் எஸ்80 சி ஸ்டார் 1.70 மி.மீ. கிளாரினெட்டில் வாண்டோரன் பி45 1.195 மி.மீ. 45க்கும் 1.195க்கும் என்ன உறவு என்று கேட்காதீர்கள். கமகத்துக்குத் தாடையை அசைத்து வாசிப்பவர்கள் சற்று அகலமான திறப்பைத் தேடுவதில் நியாயம் உண்டு. ஆனால் எவ்வளவு அகலம் என்று தெரிந்து வாங்குங்கள்.

வெர்னியரை நுனியில் நுழைத்து அளப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். அந்த நுனி விளிம்பின் அகலம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. எஃகுத் தாடை பட்டால் சில்லு பெயர்ந்துவிடும். பிறகு அது மவுத்பீஸ் இல்லை, விசில்.

என் அளவுகோலை நானே செய்தேன். 0.01 மி.மீ. காட்டும் சாதாரண டயல் கேஜ் ஒன்றைப் பாரிமுனையில் ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கினேன். கண்ணாடிக் கடையில் மேசைக்கு வெட்டி மிஞ்சிய 10 மி.மீ. கண்ணாடித் துண்டு ஒன்றும், சிறிய பட்டை ஒன்றும். கண்ணாடியை மரக்கட்டையின் மேல் ஒட்டி, அதன் ஓரத்துக்கு வெளியே டயலைத் தலைகீழாக, அதாவது பொருளைத் தொட்டு உள்ளே அழுந்தும் அதன் ஊசி மேல்நோக்கி இருக்கும்படி, இரும்பு ஆங்கிளில் பிடித்தேன். மவுத்பீஸில் ரீட் படியும் தளம் கண்ணாடியில் அழுந்தி நிற்கும். நுனி மட்டும் ஓரத்தைத் தாண்டி நீண்டு ஊசியைத் தொடும். கண்ணாடிப் பட்டையைக் குறுக்கே வைத்து அழுத்தி, ஊசி 4 மி.மீ. போல உள்ளே போன நிலையில் டயலைப் பூஜ்யத்துக்குத் திருப்ப வேண்டும். பட்டையை எடுத்து மவுத்பீஸை வைத்தால் ஊசி எவ்வளவு மேலே ஏறுகிறதோ அதுதான் திறப்பு.

டயல் சற்றுச் சாய்ந்துவிட்டால் என்ன என்று பலரும் கவலைப்படுகிறார்கள். ஐந்து டிகிரி சாய்ந்தாலும் 2 மி.மீ.க்கு 0.01 மி.மீ.கூடப் பிசகாது. பிசகு வருவது வேறு இடத்தில். நுனியருகே மவுத்பீஸ் வளைந்துதான் போகிறது. 20 மி.மீ. நீள வளைவும் 1.80 திறப்பும் உள்ள ஆல்டோ மவுத்பீஸில், ஊசி நுனியிலிருந்து ஒரு மில்லிமீட்டர் உள்ளே தொட்டால் 1.62 என்றே காட்டும். மேயர் 5க்கும் 6க்கும் உள்ள வித்தியாசமே 0.13 மி.மீ.தான். அதனால் நுனி முட்டி நிற்க அக்ரிலிக் தடுப்பு ஒன்றை ஒட்டினேன். ஊசியின் உருண்டை முனை வழுக்குகிறது என்று அதை அரை மில்லிமீட்டர் அகலத்துக்குத் தட்டையாகத் தேய்த்தேன். மவுத்பீஸை ஊசியின் மேல் இழுத்து நகர்த்தக் கூடாது. ஊசியைக் கீழே இழுத்துப் பிடித்து, மவுத்பீஸைத் தடுப்பில் முட்டவைத்து, மெல்ல விட வேண்டும்.

இன்னொரு வம்பு, டயலின் முள் பின்னோக்கி ஓடுவது. ஒரு சுற்று 1 மி.மீ., ஒரு கோடு 0.01. 1.80 என்றால் ஒரு முழுச்சுற்றும் எண்பது கோடும் எதிர்த்திசையில் போய், முகப்பில் 20ல் நிற்கும். முதல் வாரத்தில் நான் ஒருவருக்கு 1.20 என்று எழுதிக் கொடுத்தேன். அவரும் என் பேச்சை நம்பி நான்காம் எண் ரீட் வாங்கிக்கொண்டு போனார். ஆல்டோவில் கிளாரினெட் திறப்பு எப்படி வரும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. அன்றிலிருந்து வேலை தொடங்குமுன் மெக்கானிக்குகள் வைத்திருக்கும் ஃபீலர் கேஜின் 1.00 மி.மீ. தடிமனுள்ள தகட்டைப் பட்டையின் அடியில் நீளவாக்கில் வைத்துப் பார்க்கிறேன். 0.99 முதல் 1.01 வரை வந்தால் சரி.

சில மவுத்பீஸ்கள் ஒவ்வொரு முறையும் வேறு எண் சொல்லும். கிளாரினெட்காரர் ஒருவருடையது 1.02, 1.13, 1.07 என்று ஆடியது. முதலில் டயலைத்தான் சந்தேகித்தேன். தளத்தைக் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தபோது இரண்டு ஓரத்திலும் கீற்று தெரிந்தது. விரலால் தொட்டால் ஆடியது. வெந்நீரில் கழுவினீர்களா என்று கேட்டேன். "சளிக்காலம் ஐயா, கொதிக்கவைத்து ஊற்றினேன்" என்றார். மவுத்பீஸ் செய்யும் கெட்டி ரப்பரான எபோனைட் சூட்டில் கோணிப்போகும். கழுவுவதற்குப் பச்சைத் தண்ணீரும் ஒரு சொட்டுச் சோப்பும் போதும். உப்புத்தாளில் நீங்களே தேய்த்துச் சரிசெய்யப் போகாதீர்கள். தளம் தேயும்போது திறப்பும் சேர்ந்தே மாறும்.

தம்பிக்கு இரண்டாம் எண் ரீட் ஒன்றை மாட்டிக் கொடுத்தேன். வாசலில் நின்று மோகனத்தில் கொஞ்சம் வாசித்துவிட்டு, "அண்ணே, அந்த 5ஐ அழித்துவிட்டு உங்கள் எண்ணைப் பொறித்துத் தாருங்கள்" என்றார். பொறிக்கவில்லை. 2.14 என்று தேதியோடு ஒரு சீட்டில் எழுதி அவருடைய பெட்டி மூடிக்குள் ஒட்டினேன்.