காந்தத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்

ஸ்டீல் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் பையில் காந்தத்தோடுதான் வருகிறார்கள். பழைய ஸ்பீக்கரை உடைத்து எடுத்த வட்டக் காந்தம், பிள்ளையின் ஜியாமெட்ரி பாக்ஸில் கிடந்த காந்தம், ஒருவர் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த பிள்ளையாரையே பிடுங்கிக்கொண்டு வந்திருந்தார். பைப்பின் மேல் வைத்துப் பார்ப்பார்கள். ஒட்டவில்லை என்றால் முகத்தில் ஒரு நிம்மதி, "304தாண்ணா, ஒரிஜினல்." 304 என்பது எவர்சில்வரில் நல்ல ரகம் ஒன்றின் எண். எனக்கு அங்கேயே தலைவலி ஆரம்பித்துவிடும்.

வடசென்னை தண்டையார்பேட்டையில் கேட், படிக்கட்டுக் கைப்பிடி, ஜன்னல் கிரில், சமையலறை ரேக் செய்து கொடுக்கும் பட்டறை என்னுடையது. போன வாரம் காசிமேட்டுப் பக்கம் ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள். வெளிப்படிக்கட்டுக்கு வேறு யாரோ போட்டுக் கொடுத்த கைப்பிடி, ஒரு மழைக்காலம்தான் பார்த்திருக்கிறது. மேலே பார்த்தால் பளபளப்பு. அடியில் விரலை விட்டுத் தடவினேன், பழுப்பாக வந்தது. வெல்டிங் போட்ட ஒவ்வொரு மூட்டிலிருந்தும் சுவரில் துருக்கோடு இறங்கியிருந்தது. வீட்டுக்கார அம்மா, "தம்பி, என் கையால காந்தம் வெச்சுப் பாத்துத்தான் வாங்குனேன், ஒட்டவே இல்லியே" என்றார். 304 விலை கொடுத்திருக்கிறார். பட்டறையிலிருந்து எடுத்துப்போன டெஸ்ட் லிக்விடை ஒரு துளி விட்டு, பேட்டரியை அதில் தொடவைத்தேன். சில நொடியில் சிவந்துவிட்டது. 200 வரிசை ஸ்டீல், அதாவது நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த மலிவு ரகம். இந்தக் கதை எனக்குப் புதிதில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காந்தம் ஒட்டுமா ஒட்டாதா என்பதற்கும் துருப்பிடிக்குமா பிடிக்காதா என்பதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. துருவைத் தடுப்பது முக்கியமாகக் குரோமியம். காந்தம் ஒட்டாமல் இருப்பது ஸ்டீலுக்குள் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தால். 304-இல் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். அந்த நிக்கல்தான் அடுக்கை மாற்றிக் காந்தத்தை ஒட்டவிடாமல் செய்கிறது. நிக்கல் விலை அதிகம். அதைக் குறைத்துவிட்டு மாங்கனீஸைச் சேர்த்தாலும் அதே அடுக்கு கிடைக்கும், அதே மாதிரி காந்தம் ஒட்டாது, விலை மட்டும் குறையும். 202 அப்படிப் பிறந்ததுதான். அதற்கும் கீழே சந்தையில் ஜே4 என்று ஒன்று ஓடுகிறது, அதில் நிக்கல் 1 சதவீதத்தை ஒட்டித்தான், குரோமியமும் 304 அளவுக்கு இல்லை. மூன்றையும் மேசையில் வைத்து உங்கள் பிள்ளையாரை வைத்துப் பாருங்கள், மூன்றிலுமே ஒட்டாது. கண்ணால் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது, பஃப் அடித்தால், அதாவது பாலிஷ் சக்கரத்தில் தேய்த்தால், மூன்றும் கண்ணாடிதான்.

சரி, ஒட்டினால் அது மட்டம் என்றாவது சொல்லலாமா? அதுவும் இல்லை. நல்ல 304 தகட்டை அழுத்திக் கிச்சன் சிங்க் ஆக இழுக்கும்போது மூலைகளில் உள் அடுக்கு மாறி, காந்தம் லேசாக இழுக்கும். பைப்பை வளைத்த இடத்திலும் வெல்டிங் வாயிலும் இழுக்கும். மூலையில் காந்தம் ஒட்டிற்று என்று அசல் 304 சிங்க்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பக்கத்துக் கடையில் ஒட்டாத 202-ஐ வாங்கிப் போனவர்களை எனக்குத் தெரியும். ஸ்பூன், கரண்டி பலவும் 430-இல் வருகின்றன. அதில் காந்தம் நன்றாக ஒட்டும், ஆனாலும் 16 சதவீதத்துக்குக் குறையாமல் குரோமியம் இருக்கிறது, சமையலறைக்குள் வருடக்கணக்கில் உழைக்கும். அப்புறம் இண்டக்‌ஷன் அடுப்பு. அதற்குப் பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டியே ஆகவேண்டும், இல்லையென்றால் அடுப்பு அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. காந்தம் ஒட்டாத பாத்திரமாகத் தேடித்தேடி வாங்கிவிட்டு, அடுப்பு ரிப்பேர் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

கத்தி விஷயம் இதைவிட வேடிக்கை. 304 மாதிரியான ஸ்டீலைச் சூடாக்கிக் குளிரவைத்துக் கடினப்படுத்த முடியாது, அதில் செய்த கத்தியில் முனை நிற்காது. முனை நிற்கும் கத்தி ஸ்டீலில் காந்தம் ஒட்டத்தான் செய்யும். காசிமேட்டில் மீன் நறுக்குகிற அக்காக்களின் கையில் இருப்பதைப் பாருங்கள், கறுத்த இரும்பு. ஈரத்தோடு போட்டுவைத்தால் நாளைக்கே துரு, ஆனால் இரண்டு இழுப்பு தீட்டினால் வஞ்சிரத்தின் நடுமுள் ஒரே வெட்டில் போகும். துருப்பிடிக்கவே கூடாது, காந்தம் ஒட்டவே கூடாது, முனையும் மழுங்கவே கூடாது என்று கேட்டால் அப்படி ஒரு வீட்டுக் கத்தி என் கண்ணில் பட்டதில்லை.

காந்தப் பரிசோதனை ஏன் இவ்வளவு பரவிற்று என்றால் காயலான் கடையில் அது பயன்படும். சாதா இரும்பையும் ஸ்டீலையும் பிரிக்க முதலில் காந்தம்தான் போடுவார்கள். அதோடு அவர்கள் நிறுத்துவதில்லை, ஸ்டீலுக்குள் எது எந்த ரகம் என்று வேறு விதமாகப் பார்த்துத்தான் விலை போடுவார்கள். முதல் பாதியை மட்டும் நாம் கற்றுக்கொண்டோம்.

202 ஒன்றும் பாவப்பட்ட பொருள் இல்லை. வீட்டுக்குள், ஈரம் படாத இடத்தில், ரேக்குக்கோ ஷெல்ஃபுக்கோ நானே போட்டுக்கொடுக்கிறேன், 202 என்று சொல்லி, 202 விலையில். ஆனால் நாம் இருப்பது ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர். கடல் காற்றில் உப்பு வந்துகொண்டே இருக்கிறது, எண்ணூர், மணலிப் பக்கம் ஆலைப் புகை வேறு. இங்கே வெளி வேலைக்கு 202 போடாதீர்கள். கடற்கரைச் சாலையை ஒட்டிய வீடு என்றால் 304-இல்கூடப் பழுப்புப் புள்ளி வரும், நான் ஒளிக்க மாட்டேன். கை தாராளமாக இருந்தால் 316 போடலாம், அதில் 2 சதவீதத்துக்கு மேல் மாலிப்டினம் இருப்பதால் உப்பைத் தாங்கும். இல்லையென்றால் 304-ஐயே கண்ணாடி பினிஷில் போட்டு, வாரம் ஒரு முறை நல்ல தண்ணீர் விட்டுத் துடையுங்கள். மேட் பினிஷ் அழகுதான், அந்த நுண்ணிய கோடுகளில் உப்பு உட்கார்ந்துகொள்ளும். துடைக்கும்போது அடிப்பக்கத்தை மறக்காதீர்கள், மேல்பக்கத்தை மழை கழுவிவிடும், அடியில் அதற்கு வேலை இல்லை.

பாரிமுனை செம்புதாஸ் தெருவுக்கோ வேறு எங்கேயோ நீங்களே பைப் எடுக்கப் போனால், காந்தத்துக்குப் பதில் தராசைக் கேளுங்கள். 2 இஞ்ச் உருண்டை பைப், 1.2 மில்லிமீட்டர் கனம், 20 அடி நீளம் என்றால் ஏறத்தாழ 9 கிலோ இருக்கவேண்டும். ஏழரை கிலோதான் இருக்கிறது என்றால் உங்கள் கையில் இருப்பது 1 மில்லிமீட்டர். "கமர்ஷியல் கேஜ் சார்" என்பார்கள். அதற்கு அர்த்தம் மெலிசு, அவ்வளவுதான். கனம் குறைந்த பைப்பில் வெல்டர் கொஞ்சம் அசந்தால் ஓட்டை விழும், அதை மூடிப் பஃப் அடித்துவிடுவார், துரு முதலில் கிளம்புவது அங்கிருந்துதான்.

ரகத்துக்கு டெஸ்ட் லிக்விட் இருக்கிறது. ஒரு துளி, 9 வோல்ட் பேட்டரி, சில நொடி. சிவந்தால் மாங்கனீஸ் அதிகம், 200 வரிசை. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். லிக்விட் கையில் படாமல் பாருங்கள், பார்த்த இடத்தைக் கழுவித் துடைத்துவிடுங்கள்.

பில்லில் "எஸ்.எஸ். பைப்" என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள். 304, கனம் இவ்வளவு, எடை இவ்வளவு என்று எழுதச் சொல்லுங்கள். எழுதமாட்டேன் என்றால் வெளியே வந்துவிடுங்கள். ஜி.எஸ்.டி. மிச்சம் என்று பில்லே வாங்காமல் வந்துவிட்டு, ஆறு மாதம் கழித்து துருப்பிடித்த துண்டோடு என் பட்டறைக்கு வந்து நியாயம் கேட்பவர்களுக்கு நான் என்ன சொல்வது, சொல்லுங்கள்?

நல்ல ஸ்டீலையும் கெடுக்கிற ஆட்கள் உண்டு, அதில் முதல் ஆள் டைல்ஸ் மேஸ்திரி. வேலை முடிந்து தரையில் ஆசிட் ஊற்றித் தேய்ப்பார், கைப்பிடிக் கால்களின் அடியில் அது தெறித்து நிற்கும், ஒரு வாரத்தில் புள்ளி புள்ளியாகக் குழி. பாத்ரூம் ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் அதே வேலையைத்தான் செய்யும். அடுத்தது, ஸ்டீல் பக்கத்திலேயே இரும்பு கிரில்லை கிரைண்டரில் அறுப்பது. பறக்கிற பொறி ஸ்டீலில் போய் ஒட்டி, துருப்பிடிப்பது என்னவோ அந்த இரும்புத்தூள், பழி விழுவது ஸ்டீல் மேல். பாத்திரத்தில் இரும்புக் கம்பி நார் போட்டுத் தேய்த்தாலும் இதே கதைதான், பச்சை நார் போதும். கல் உப்பை எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைக்காதீர்கள், உங்கள் ஆயா வைத்திருந்த பீங்கான் ஜாடியைத் தேடி எடுங்கள்.

அந்தக் காசிமேட்டு அம்மாவின் கைப்பிடியை முழுசாகக் கழற்ற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். மூட்டுகளைச் சுத்தம் செய்து, பிக்கிளிங் பேஸ்ட் (வெல்டிங் கறையை எடுக்கும் ஆசிட் பசை) பூசிக் கழுவி, திரும்பப் பாலிஷ் அடித்தால் கொஞ்ச காலம் ஓடும். அதற்குள் கீழ்ப்படிப் பக்கம், துரு அதிகமாக இருக்கும் இரண்டு பைப்பை மட்டும் 304-இல் மாற்றிக்கொள்ளலாம். விற்றவரிடம் போய்க் கேட்கலாம் என்றால், பில் இல்லை.