நாஸ்டால்ஜியா: தமிழில் ஒரு சொல் போதுமா?

கிரேக்கத்தில் 'நோஸ்டோஸ்' என்றால் வீடு திரும்புதல், 'அல்கோஸ்' என்றால் வலி. இரண்டையும் ஒட்டி 'நாஸ்டால்ஜியா' என்ற சொல்லை 1688இல் உருவாக்கியவர் யோஹன்னஸ் ஹோஃபர். பாசல் நகரில் மருத்துவம் படித்த அவர், தன் ஆய்வேட்டில் ஒரு நோய்க்கு இந்தப் பெயரை வைத்தார். ஊரைப் பிரிந்தவர்களுக்குத் தூக்கம் கெட்டு, சோறு இறங்காமல், உடம்பு இளைக்கும் நோய். பிற்பாடு அது வெளிநாடுகளில் கூலிக்குப் போரிட்ட சுவிஸ் படைவீரர்களின் வியாதியாகவே பேர் வாங்கியது. இந்தப் பொருளுக்குத் தமிழ் தேடி அலைய வேண்டாம். தர்மபுரியிலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன பையன் 'ஊர் ஞாபகமாவே இருக்கு' என்கிறானே, அதேதான். ஊரேக்கம் என்று எழுதலாம்.

போகப்போக நோய் என்ற பொருள் கழன்று, ஊர் இருந்த இடத்தில் காலம் வந்து உட்கார்ந்தது. கடந்தகால ஏக்கம் என்கிறோம். சரி, யாருடைய கடந்தகாலம்?

உளவியலாளர்கள் இங்கே இரண்டைப் பிரிக்கிறார்கள். தான் படித்த பள்ளிக்கூடத்தை நினைத்து ஏங்குவது தனி ஏக்கம். தன் இனத்தின், ஊரின், நாட்டின் பழங்காலத்தை நினைத்து ஏங்குவது கூட்டு ஏக்கம். இரண்டாவதற்கு நேரில் பார்த்திருக்க வேண்டியதே இல்லை. தகடூரை இன்று உயிரோடிருக்கும் யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் தர்மபுரிக்கு அந்தப் பழைய பெயரே வேண்டும் என்பவர்களின் குரலில் உண்மையான தவிப்பு இருக்கிறது. கூட்டு ஏக்கம் கொண்டவர்கள் தம் கூட்டத்துக்காகப் பாடுபட முன்வருகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வெளியாட்கள் மீதான வெறுப்போடும் அது சேர்ந்து வருவதை நெதர்லாந்து ஆய்வுகள் கண்டன. மணிமண்டபம், சிலை, பெயர் மாற்றம் என்று அரசு எதைத் தொட்டாலும் மக்கள் கொதிப்பதற்கோ கொண்டாடுவதற்கோ பின்னால் இந்த ஏக்கத்துக்கும் பங்கு உண்டு.

இந்த ஏக்கம் நன்றாக வடிகட்டவும் செய்யும். தகடூரை ஆண்ட அதியமான் என்றதும் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனிதான் நம் வாயில் வருகிறது. 'தகடூர் எறிந்த', அதாவது தகடூரை அழித்த, என்பது சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறையின் பெயருக்கு முன்னால் நிற்கும் அடைமொழி. அதியமானின் கோட்டை விழுந்த அந்தக் கதையை நாம் அவ்வளவாகச் சொல்வதில்லை. தோற்ற கதையை மேடையில் சொன்னால் கைதட்டு விழாது, வேறென்ன!

2020 ஜூனில் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்றி அரசாணை வந்தது, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து எழுதிப் பழகிய எழுத்தின் மேல் ஒருவருக்கு இருப்பது தனி ஏக்கம். தமிழ் ஒலி மீள வேண்டும் என்பது கூட்டு ஏக்கம். ஒரே ஆளுக்குள் இரண்டும் மோதலாம். இரண்டையும் வெறும் 'ஏக்கம்' என்று எழுதினால் இந்த மோதலே தெரியாமல் போகும். அதனால் தனி ஆளுக்குக் கடந்தகால ஏக்கம், கூட்டத்துக்குப் பழம்பெருமை ஏக்கம் என்று பிரித்து எழுதுவேன். அப்புறம், நாஸ்டால்ஜியாவுக்கு 'மலரும் நினைவுகள்' போதாதா என்றால், அது வானொலிக்கு நன்றாக இருக்கும்; அதில் வலி இல்லை.