மாறு மீடிறன் செலுத்தி

பின்வளவுக் கொட்டிலில் பழைய லேத்தோ மில்லிங் மெசினோ வைத்து வேலை செய்கிறவருக்கு முதல் தலையிடி, மெசினில் இருப்பது திறீபேஸ் மோட்டர், வீட்டுக்கு வருவதோ சிங்கிள்பேஸ் கரண்ட் என்பது. வி.எவ்.டி. (வேரியபிள் பிரீக்குவென்சி டிரைவ்) என்ற பெட்டி இடையில் நின்று அந்த 230 வோல்ற்றைத் திறீபேஸாக்கிக் கொடுக்கும், வேகத்தையும் கூட்டிக் குறைக்கும். அதற்குத் தமிழில் மாறு மீடிறன் செலுத்தி எனலாம்.

கடையில் இதற்கு இன்வேட்டர் என்றுதான் பெயர். கூரைச் சோலருக்கும், கரண்ட் போனால் லைட் எரிக்கும் பற்றரிப் பெட்டிக்கும் அதே பெயர். பிழையென்று சொல்ல முடியாது, மூன்றிலும் நேரோட்டத்தை (டி.சி.) ஆடலோட்டமாக்கும் (ஏ.சி.) பகுதி இருக்கிறது. ஆனால் மற்ற இரண்டும் 50 ஹேர்ட்ஸில், அதாவது செக்கனுக்கு 50 அலையில், நிற்க வேண்டியவை. இது 50 ஹேர்ட்ஸை விட்டு அசைவதற்கென்றே செய்தது. ஆகவே கடையில் 'மோட்டர் ஓட்டுற இன்வேட்டர், சிங்கிள்பேஸ் உள்ளே, திறீபேஸ் வெளியே' என்று முழுதாகக் கேட்க வேண்டும்.

மீடிறன் என்பது நம் இலங்கைப் பள்ளிக்கூடப் புத்தகச் சொல். மீள் + திறன். நெடிலை அடுத்த ளகரம், பின்வரும் தகரத்தை டகரமாக்கிவிட்டுத் தானும் மறையும். ஆங்கிலத்துப் பிரீக்குவென்சியின் வேரான இலத்தீன் 'பிரீக்குவென்ஸ்' நெருக்கமானது, அடிக்கடி நிகழ்வது என்ற பொருளுடையது. ஒரு செக்கனில் அலை எத்தனை தரம் மீள்கிறது என்பதை மீடிறன் அதைவிடத் துல்லியமாகவே பிடிக்கிறது. தமிழ்நாட்டில் அதிர்வெண் என்பார்கள். ஒலிக்கு அது பொருந்தும். பட்டறைக்காரருக்கு அதிர்வு என்றால் வெட்டுளி நடுங்கி உருக்கில் வரிவரியாகத் தழும்பு விழுவதுதான். அதனால் இந்த இடத்தில் மீடிறனே நல்லது. புள்ளிவிபரவியலிலும் 'மீடிறன் பரம்பல்' என்று அதே சொல் நிற்பது இன்னொரு வசதி.

மாறு மீடிறன் வினைத்தொகை. மாறிய, மாறுகின்ற, மாறும் மூன்றுக்கும் இடம் கொடுக்கிறது. பெட்டிதானே மாற்றுகிறது, மாற்று மீடிறன் என்றால் என்ன என்று கேட்கலாம். மாற்றுவழி, மாற்றுடை போல 'வேறொன்று' என்று விளங்கிவிடும். செலுத்திக்குப் பதில் இயக்கி என்றாலும் குறையில்லை. பேஸுக்குப் பாடநூற்சொல் அவத்தை. பேச்சில் அவத்தைப்படுவதும் அதே வடமொழிச் சொல்லின் வழியில் வந்ததுதான். மூன்று அவத்தை மோட்டரை ஒற்றை அவத்தையில் ஓட்டப் பார்த்தவருக்கு இரண்டு பொருளும் தெரியும்.

இந்தப் பெயர் ஒன்றை மறைக்கிறது. மீடிறனோடு வோல்ற்றளவும் சேர்ந்து மாறுகிறது. 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ் மோட்டருக்கு ஒரு ஹேர்ட்ஸுக்கு 4.6 வோல்ற்று, 25 ஹேர்ட்ஸில் ஏறக்குறைய 115 வோல்ற்று போதும். வோல்ற்றளவைக் குறைக்காமல் மீடிறனை மட்டும் இறக்கினால் மோட்டரின் இரும்பகம் காந்தத்தால் நிரம்பி, கரண்ட் ஏறி, சுருள் கருகும். 50ஐத் தாண்டினால் வோல்ற்றளவு 230க்கு மேல் போகாது, முறுக்குவிசைதான் இறங்கும். 75 ஹேர்ட்ஸில் மூன்றில் இரண்டு பங்களவே மிஞ்சும்.

வாங்குமுன் மோட்டரின் தகட்டை வாசியுங்கள். முக்கோணக் குறிக்கு நேரே 230, ஒய் வடிவக் குறிக்கு நேரே 400 என்றிருந்தால் வேலை லேசு. இணைப்புப் பெட்டிக்குள் ஆறு கம்பங்கள் இரண்டு வரிசையில் நிற்கும். ஒரு வரிசையின் மூன்று கம்பங்களையும் தகடுகள் குறுக்கே இணைத்தால் ஸ்ரார், அதாவது ஒய். அந்தத் தகடுகளைக் கழற்றி, மேல் கம்பத்தையும் கீழ்க் கம்பத்தையும் சோடி சோடியாக நெடுக்கே இணைத்தால் டெல்ரா, அதாவது முக்கோணம். பெட்டி தருவது 230 என்பதால் டெல்ராதான் வேண்டும். ஸ்ராரிலேயே விட்டால் மோட்டர் சுற்றும், ஆனால் முறுக்குவிசை மூன்றில் ஒரு பங்காகிவிடும். கொஞ்சம் ஆழமாக வெட்டியதும் நின்றுவிடும். தகட்டில் 400, 690 என்றிருந்தால் டெல்ராவே 400 வோல்ற்றுக்குரியது, இந்தப் பெட்டிக்கு உதவாது. மூன்று வயர் மட்டும் வெளியே வருகிற மோட்டரில் ஸ்ரார் முடிச்சு சுருளுக்குள் கட்டுண்டு கிடக்கும். அதைத் தோண்டி எடுப்பது மோட்டர் சுருள் கட்டுகிறவரின் வேலை. கப்பாசிற்றரோடு வரும் சிங்கிள்பேஸ் மோட்டரை இதில் மாட்டவே கூடாது.

மெசினில் ஏற்கெனவே இருக்கும் முன்-பின் சுவிட்சை மோட்டர் வயரிலிருந்து கழற்றிவிடுங்கள். ஓடும்போது பெட்டிக்கும் மோட்டருக்கும் இடையில் இணைப்பை வெட்டினால் பெட்டி கெடும். அதே சுவிட்சைப் பெட்டியின் சிறு கட்டுப்பாட்டு முனைகளில் பூட்டிக்கொள்ளலாம். தகட்டிலுள்ள அம்பியரை அமைப்பில் பதியுங்கள். வேகமெடுக்க 3 முதல் 5 செக்கன், நிற்க அதைவிடக் கூட. வேலைத்துண்டைப் பிடிக்கும் பாரமான 'சக்'கை ஒரே செக்கனில் நிறுத்தப் பார்த்தால் மோட்டர் ஜெனரேற்றராகிக் கரண்டைத் திருப்பித் தள்ளும். உள்ளே வோல்ற்றளவு ஏறி, பெட்டி பிழை காட்டி விட்டுவிடும். உடனே நிறுத்தத்தான் வேண்டுமென்றால் அந்தக் கரண்டைச் சூடாக்கித் தீர்க்கும் தடைச்சுருள் பூட்ட வேண்டும். மரை போட்டுப் பூட்டும் சக் என்றால் அப்போதும் அவசரப்படாதீர்கள், அது கழன்று ஓடும்.

கப்பி மாற்றுவதை இது முற்றாக ஒழிக்காது. நான்கு முனைவு மோட்டர் 50 ஹேர்ட்ஸில் நிமிடத்துக்கு 1500 சுற்றுக்குச் சற்றுக் குறைவாக ஓடும்; 10 ஹேர்ட்ஸில் 300க்குக் கீழே. வலுவும் ஐந்தில் ஒன்றாகும், மோட்டரின் விசிறியும் மெதுவாகச் சுற்றும். 20 ஹேர்ட்ஸுக்குக் கீழே நெடுநேரம் ஓட்டினால் கை வைக்க முடியாத சூடு. பெரிய விட்டம் வெட்ட பெல்ட்டை மோட்டர் பக்கத்துச் சின்னக் கப்பிக்கு மாற்றுவதோ, வேகத்தைக் குறைக்கும் பேக் கியரைப் போடுவதோதான் வழி.

ட்ரிப் சுவிட்ச் விழுகிறதென்று ஏர்த் வயரை வெட்டுகிறவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள். பெட்டியிலுள்ள வடிகட்டி ஏர்த்துக்குக் கொஞ்சம் கரண்டைக் கசியவிடுவது இயல்பு. 30 மில்லியம்பியர் சுவிட்ச் அதைப் பழுதென்று எண்ணுகிறது. பெட்டிக்குத் தனி லைன், கையேடு சொல்லும் வகை ட்ரிப் சுவிட்ச், மோட்டருக்குக் குறுகிய கவச வயர், இவைதான் தீர்வு.

உள்ளே இன்னொரு பாடநூற்சொல் இருக்கிறது: கொள்ளளவி. கடையில் கப்பாசிற்றர். அது 325 வோல்ற்றளவில் நேரோட்டத்தைத் தேக்கி வைத்திருக்கும். சுவிட்சை நிறுத்திய பிறகும் எண்பலகை அணைந்ததை நம்பாமல் 10 நிமிடம் பொறுத்து, மீற்றர் வைத்துப் பார்த்தபின் மூடியைக் கழற்றுங்கள்.