படத்தைத் திருப்பியும் பாருங்கள்

பழைய புகைப்படங்களைப் பேணுவது என் தொழில். கைவினைஞர்களின் படங்கள் பெரும்பாலும் ஈரம் ஏறி, ஓரங்களில் பூஞ்சணம் பிடித்து, பசை ஆல்பத்தோடு ஒட்டிப்போன நிலையில்தான் வந்து சேர்கின்றன. பூஞ்சணம் பரவுவதை நிறுத்த வழி உண்டு. படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், கையில் இருக்கும் கருவி என்ன என்ற விவரம் தொலைந்துவிட்டால் அதை மீட்க எந்த இரசாயனமும் கிடையாது.

இலங்கைக்குக் கமெரா வெகு முன்பே வந்துவிட்டது. 1870, 71 ஆண்டுகளில் ஜோசப் லோட்டன் அநுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா இடிபாடுகளைப் படமெடுத்தார். ஸ்கோவன், பிளாட்டே போன்ற ஸ்டூடியோக்கள் பயணிகளுக்குப் படங்களை விற்றன. அத்தகைய விற்பனைப் படங்களில் ஒரு கைவினைஞர் இருந்தால், அவர் பெரும்பாலும் பெயரில்லாமல், தன் தொழிலுக்கு ஒரு மாதிரியாக மட்டும் காட்டப்பட்ட 'வகை' மனிதர்தான்.

தொழிலையே பார்க்க வந்த கமெரா எதல் குமாரசுவாமியுடையது. அவருடைய கணவர் ஆனந்த குமாரசுவாமி, சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிம ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்தவர். கல்லும் கனிமமும் தேடி ஊரூராகப் போனவரின் கவனத்தைக் கண்டிப் பகுதிக் கைவினைஞர்கள் ஈர்த்துக்கொண்டார்கள். அதன் விளைவாக 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற நூல் 1908இல் இங்கிலாந்தின் புரோட் கம்ப்டனில், ஆங்கிலக் கைவினை இயக்க முன்னோடியான வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியில், 425 பிரதிகள் மட்டும் அச்சாகி வெளிவந்தது. அதிலுள்ள புகைப்படங்களில் பெரும்பாலானவை எதல் எடுத்தவை. பின்னாளில் எதல் மேரே என்ற பெயரில் கைத்தறிக்கும் இயற்கைச் சாயத்துக்கும் பேர்போனவரும் இவரே. நூலைப் பற்றிப் பேசும்போது ஆனந்தரின் பெயரோடு நிறுத்திக்கொள்வது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

படமும் எழுத்தும் ஏன் சேர்ந்தே இருக்க வேண்டும்? மாத்தளைப் பக்கத்து ஹப்புவித அரக்கு வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். நிறமூட்டிய அரக்கைக் கரி நெருப்பில் இளக்கி, மெல்லிய இழையாக இழுத்து, மரக்காம்பின் மேல் சுற்றி, கட்டைவிரல் நகத்தால் நறுக்குவார்கள். அந்த நகம் இதற்கென்றே வளர்த்தது. ஒற்றைப் படத்தில் தெரிவது, கையில் குச்சியோடு உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் மட்டுமே. இழை சூடாக இருப்பதும், ஆறுவதற்குள் வேலை முடிய வேண்டும் என்பதும், நகமே கத்தி என்பதும் எழுதி வைத்தால்தான் விளங்கும். கண்டிப் பக்கத்துத் தும்பறைப் பாயும் அப்படித்தான். மருள் இலையைச் சுரண்டி நார் எடுப்பதில் தொடங்கும் அந்த வேலையில், தறியில் இருக்கும் பாயின் படம் கடைசிக் கட்டத்தை மட்டுமே காட்டும்.

உங்கள் வீட்டிலோ விகாரையிலோ பட்டறையிலோ இப்படிப் படங்கள் இருந்தால், தயவுசெய்து லாமினேட் செய்யாதீர்கள். பிறகு படத்தைச் சேதமின்றிப் பிரித்தெடுப்பது அநேகமாக நடக்காது. பசை ஆல்பத்திலிருந்து பலவந்தமாக உரிக்கவும் வேண்டாம். அந்தக்காலக் கண்ணாடி நெகட்டிவ் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், தனித்தனிக் காகித உறையில் இட்டு, நீண்ட பக்கம் கீழே வரும்படி நிறுத்தி வையுங்கள். மருந்து பூசிய பக்கத்தை ஈரத்துணியால் துடைத்தால் படமே துணியோடு வந்துவிடும். ஸ்கேன் செய்தாயிற்று என்று மூலத்தை எறிந்துவிடாதீர்கள்.

படத்தின் பின்புறத்தில் எழுதுவதானால் மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள். பேனா மை மறுபக்கம் ஊறிவிடும். ஏற்கெனவே அங்கே ஏதாவது எழுத்து இருந்தால், சிங்களமோ தமிழோ ஆங்கிலமோ, புரியாவிட்டாலும் அந்தப் பக்கத்தையும் ஸ்கேன் செய்து, முன்பக்கத்துக்குக் கொடுத்த அதே எண்ணில் சேமியுங்கள். பிறகு பிரதியை எடுத்துக்கொண்டு அந்த ஊரில் இன்னும் அந்த வேலை செய்யும் முதியவரிடம் போங்கள். முதலில் கருவியின் பெயரைக் கேளுங்கள், அப்புறம் ஆளின் பெயரை.