அஞ்சு நிமிட வேலைக்கும் சேர்த்து உடுத்துங்கள்

தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக நான் தினமும் பார்ப்பது இது. நாள் முழுக்க லேத்தில், அதாவது உலோகத்தைச் சுழற்றிக் கடையும் மெஷினில், நிற்பவர் சட்டையை இன் பண்ணி, கையை மடித்து, வாட்சைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் மெஷினைத் தொடுவார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் குவாலிட்டி இன்ஜினியரோ, "ஒரு ரீடிங் மட்டும் எடுத்துட்டு வந்துடறேன்" என்று அப்படியே எழுந்து போவார். எனக்குப் பயம் இவரை நினைத்துத்தான்.

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில் அப்படிப் போன ஒரு பையன், ஓடிக்கொண்டிருந்த லேத்தின் மேல் குனிந்து, கடைந்துகொண்டிருந்த உலோகத் துண்டைப் பார்த்தான். கழுத்தில் தொங்கிய ஐடி கார்டின் நாடா, அந்தத் துண்டைப் பிடித்துச் சுழற்றும் சக்கில் சிக்கிவிட்டது. இழுத்தால் தானே விட்டுக்கொள்கிற கொக்கி பிடரிப் பக்கம் இருந்ததால் தப்பினான். மெஷினை நிறுத்திப் பார்த்தபோது, நூல்கண்டில் சுற்றினாற்போல நாடா முழுக்க சக்கில் இறுகிக் கிடந்தது. அவன் கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு. நிமிடத்துக்கு 600 சுற்று என்றால் நொடிக்கு 10 சுற்று. கையை இழுக்க வேண்டும் என்று தோன்றுவதற்குள் இரண்டு மூன்று சுற்று முடிந்திருக்கும்.

ஓடும் இயந்திரத்தைச் சோதிப்பவர், எண்ணெய் போடுபவர், சரிசெய்பவர் உடலோடு ஒட்டிய உடை அணிய வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22-வது பிரிவே சொல்லியிருந்தது. துப்பட்டாவுக்கு சேஃப்டி பின் குத்தினால் போதும் என்று பெண்கள் பலர் நம்புகிறார்கள். போதாது. அந்தப் பின் நன்றாகப் பிடித்திருந்தால் மெஷின் துணியோடு ஆளையும் சேர்த்து இழுக்கும். துப்பட்டாவை மேசையிலேயே வைத்துவிட்டு, மேலே ஓவர்கோட் போட்டு முழுக்கப் பட்டன் போட்டுக்கொள்வதே நல்லது. தலைமுடியைக் கொண்டை போட்டு வலைக்குள் அடக்கிவிடுங்கள்.

அப்புறம் துணி. மீட்டிங்கில் கசங்காமல் இருக்கிறதே என்று பாலியஸ்டர் சட்டை வாங்குகிறார்கள். வெல்டிங் பொறி பட்டால் பருத்தி கருகும்; பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதைப் பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும். கனமான காட்டன் ட்வில்லில் அளவாகத் தைத்த சட்டை ஆபீஸிலும் எடுப்பாகத்தான் இருக்கும். வெல்டிங் பக்கம் முழுக்கை, சுழலும் மெஷின் பக்கம் அரைக்கை. இரண்டுக்கும் போகிறவர் மணிக்கட்டில் பட்டன் இறுக்கமாகப் பிடிக்கும் முழுக்கை போடலாம். மோதிரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

ஷூவில் மட்டும் பணத்தைப் பார்க்காதீர்கள். ஐஎஸ் 15298 (பகுதி 2) என்ற இந்தியத் தர முத்திரை உள்ள பாதுகாப்பு ஷூவின் முனை 200 ஜூல் அடியைத் தாங்கும். அதாவது 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து காலில் விழுவது போல. கறுப்பு நிறத்தில், சாதாரண ஆபீஸ் ஷூ போலவே கிடைக்கிறது. சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு மெஷின்கள் ஓடும் ஷாப் ஃப்ளோர் வாசலில் வரிசையாக ஆணி அடித்து வைத்தோம். உள்ளே போகிறவர்கள் ஐடி கார்டை அதில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். முதல் ஒரு மாதம் நானே வாசலில் நின்று கேட்டு வாங்கி மாட்டினேன். இப்போது அங்கே நிற்பதும் கேட்பதும் அந்தப் பையன்தான்.