சூழ்ச்சி என்ற சொல்லும் இன்ட்ரீக் சாகசமும்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் டேபிள்டாப் ரோல்பிளேயிங் விளையாட்டுகளில் 'இன்ட்ரீக் சாகசம்' என்று ஒரு வகை உண்டு. பாதாள அறைக்குள் இறங்கி, பொறிகளைத் தாண்டி, அரக்கனைக் கொன்று புதையலோடு திரும்புவது எல்லோருக்கும் தெரிந்த வகை. இது வேறு. இங்கே ஆபத்து மனிதர்களிடமிருந்து வருகிறது. அரண்மனை, கோயில், வணிகர் சபை, படைமுகாம் என்று எங்கே போனாலும் ஒருவர் எதையோ விரும்புகிறார், எதையோ மறைக்கிறார், இன்னொருவரைப் பற்றி எதையோ தெரிந்து வைத்திருக்கிறார். ஆட்டக்காரர்களின் பாத்திரங்கள் நடுவில் போய் மாட்டிக்கொள்கின்றன. வாளை உருவினால் தீராது. பெரும்பாலும் இன்னும் இறுகும்.

இப்படி மாட்டிக்கொள்வதுதான் அந்தச் சொல்லின் வேர்ப் பொருளும். இலத்தீனில் 'ட்ரிக்காய்' என்றால் அற்ப விஷயங்கள், தொல்லைகள். அதிலிருந்து 'இன்ட்ரிக்காரே', அதாவது சிக்க வைத்தல். அது இத்தாலிய மொழிக்கும் பிரெஞ்சுக்கும் போய், 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. நுணுக்கமானது, பின்னிப் பிணைந்தது என்ற பொருளில் வழங்கும் 'இன்ட்ரிகேட்' இதன் உடன்பிறப்பு. பிரெஞ்சில் இன்றைக்கும் 'இன்ட்ரீக்' என்றால் கதையின் பின்னல் என்றும் பொருள். ஆர்வத்தைத் தூண்டுதல் என்ற பொருள் மிகப் பிந்தி ஒட்டிக்கொண்டது. நம் விளையாட்டுக்குத் தேவை முதல் பொருள்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? பலரும் உடனே எடுப்பது 'சதி'. எனக்கு அதில் உடன்பாடில்லை. சதி என்றதும் ஒரு சதிகாரன், ஒரு திட்டம், ஒரு பலி என்று மனம் போய்விடுகிறது. கதையை அமைத்து ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டரும் அப்படியே எழுதுகிறார்: கெட்ட அமைச்சர் ஒருவர், அவருடைய இரகசியத் திட்டம் ஒன்று. ஆட்டக்காரர்கள் முதல் மணி நேரத்திலேயே அமைச்சரைச் சந்தேகப்படுவார்கள், இரண்டாவது மணியில் வெட்டிப்போடுவார்கள். அதோடு கதை முடிந்தது. 'சூது' ஆதியில் பகடையாட்டம். திருக்குறளில் சூது அதிகாரம் அதைத்தான் பேசுகிறது. வஞ்சகம் என்ற பொருள் வந்த பிறகும் அது ஒரு ஆளின் குணத்தைத்தான் சுட்டுகிறது. 'வஞ்சனை'யும் அப்படியே. 'சிக்கல்' வேர்ப் பொருளுக்கு மிக அருகில் வருகிறது, ஆனால் அதைப் பின்னிய மனிதர்கள் அந்தச் சொல்லில் இல்லை.

மிச்சம் இருப்பது 'சூழ்ச்சி'. இதுதான் பொருத்தமான சொல் என்பேன். சூழ்தல் என்றால் சுற்றி வளைத்தல். சூழல், சூழ்நிலை எல்லாம் அந்த வழியில் வந்தவை. சூழ்தல் என்றால் ஆராய்தல், கலந்து எண்ணுதல் என்றும் பொருள். 'சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்' என்று வள்ளுவர் சொல்லும்போது (குறள் 671) அதில் கெட்ட வாடையே இல்லை: ஆராய்ச்சியின் முடிவு துணிவுக்கு வருவது, அவ்வளவுதான். அரசனுக்கு ஆலோசனை சொல்பவர்களை அவர் 'சூழ்வார்' என்கிறார். கம்பராமாயணத்தின் அயோத்தியா காண்டம் மந்திரப் படலத்தில் தொடங்கி, மந்தரை சூழ்ச்சிப் படலத்துக்குப் போய், கைகேயி சூழ்வினைப் படலத்தில் இறங்குகிறது. முதலில் அவையில் நடக்கும் ஆலோசனை, அடுத்து அந்தப்புரத்தில் நடக்கும் ஆலோசனை. இரண்டாவதைத்தான் நாம் இன்று சூழ்ச்சி என்கிறோம். என்றோ கொடுத்த இரண்டு வரங்கள்தான் அங்கே பிடி. மந்தரை புதிதாக எதையும் உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்த கடனை நினைவுபடுத்துகிறாள். சாகசம் வடிவமைப்பவர் இந்த மூன்று படலங்களையும் ஒருமுறை அந்தக் கண்ணோடு படிக்க வேண்டும்.

இந்த ஆட்டமுறை புதிதல்ல. 1969இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ், செயின்ட் பால் வட்டாரத்தில் டேவிட் வெஸ்லி என்பவர் நெப்போலியன் காலப் போர் விளையாட்டு ஒன்றை நடத்தினார். களம் பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஜெர்மானிய நகரம். படைத்தலைவர்கள் போக மற்றவர்களுக்கு வங்கியாளர், பல்கலைக்கழக வேந்தர் போன்ற வேடங்களும் தனித்தனி நோக்கங்களும் கொடுத்தார். போரை விட்டுவிட்டு அவர்கள் இருவர் இருவராக ஒதுங்கிப் பேரம் பேசத் தொடங்கினார்கள். ஆட்டம் கெட்டுப்போனதாக வெஸ்லி நினைத்தார். ஆடியவர்களோ மறுபடியும் நடத்தச் சொன்னார்கள். அந்தக் குழுவில் இருந்த டேவ் ஆர்னெசன்தான் பிறகு கேரி கைகாக்ஸுடன் சேர்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளேயிங் விளையாட்டை உருவாக்கினார்; அது 1974இல் வெளிவந்தது. ஆக, டன்ஜனுக்கு, அதாவது பாதாள அறைக்கு, முன்பே சூழ்ச்சி வந்துவிட்டது.

சூழ்ச்சியை 'பலர் பல பக்கமிருந்து எண்ணுவது' என்று எடுத்துக்கொண்டால் வடிவமைப்பே மாறிவிடும். ஒரு உதாரணம் சொல்கிறேன். அரசியின் முத்திரை காணாமல் போயிருக்கிறது. கண்டுபிடிக்க ஆட்டக்காரர்களை அழைக்கிறார்கள். உண்மையில் அரசி இறந்து சில நாட்களாகிவிட்டன. வெளியூரில் இருக்கும் இளவரசி வந்து சேரும்வரை, மாயத்தோற்றத்தால் அரசி உயிரோடு இருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கிறாள் தோழி. முத்திரையும் அவளிடம்தான். கருவூலத் தலைவர் போலி முத்திரை செய்து படைக்குச் சம்பளம் கொடுக்கிறார், கொடுக்காவிட்டால் படை கலகம் செய்யும். தளபதிக்குப் போலி ஆணை கிடைத்து, எங்கோ தப்பு நடக்கிறது என்று தெரிந்துவிட்டது. அரசியை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார். இதில் யார் வில்லன்? ஒருவரும் இல்லை. ஆனால் மூவரும் ஒருவர் காலை ஒருவர் கட்டிப்போட்டிருக்கிறார்கள். அப்புறம், ஆட்டக்காரர்கள் ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருந்தால் என்ன நடக்கும் என்பதையும் நாள்வாரியாக எழுதி வைக்க வேண்டும். நாளை மறுநாள் தளபதி கதவை உடைக்கிறார் என்று குறித்து வைத்துவிட்டால் கதை தானாக நகரும்.

மாயாஜால உலகத்தில் இரகசியத்தைக் காப்பது கடினம் என்று பலர் தயங்குகிறார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் 'ஸோன் ஆஃப் ட்ரூத்' என்ற மந்திரம் இருக்கிறது. அதில் சிக்கியவர் தெரிந்தே பொய் சொல்ல முடியாது, ஆனால் நழுவிப் பதில் சொல்லலாம். மேலே சொன்ன கதைக்கு இந்த மந்திரத்தால் ஒரு சேதமும் இல்லை. 'முத்திரையை நான் திருடவில்லை' என்று கருவூலத் தலைவர் சொல்வது முழு உண்மை. ஆளுக்கு ஒரு துண்டு உண்மையைக் கொடுத்து வைத்தால் பொய்க்கு வேலையே இல்லை. மந்திரத்தைத் தடை செய்வதைவிட இதுவே நேர்மையான வழி.

கேம் மாஸ்டர்கள் 'மூன்று தடய விதி' என்று ஒன்று சொல்வார்கள்: ஆட்டக்காரர்கள் ஒரு முடிவுக்கு வர வேண்டுமென்றால் அதற்கு மூன்று தடயங்களாவது வை. ஒன்றைத் தவறவிடுவார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது கைகொடுக்கும். ஒற்றாடல் அதிகாரம் மறுபக்கத்திலிருந்து இதே எண்ணைச் சொல்கிறது: ஒருவரை ஒருவர் அறியாத மூன்று ஒற்றர் சொல் ஒத்துப்போனால் நம்பலாம் (குறள் 589). தோழியின் இரகசியத்துக்கும் அப்படி மூன்று வழி வேண்டும்: தொடாமல் திரும்பும் உணவுத் தட்டு, அரசியின் அறைக்கு வருவதை நிறுத்திவிட்ட மருத்துவர், இளவரசிக்குப் போன அவசரக் கடிதம்.

அதனால் இந்த வகையைச் 'சூழ்ச்சிச் சாகசம்' என்று எழுதலாம். இதில் வரும் அரசியல் குழுக்களுக்கு 'அணி', ஒருவர்மீது இன்னொருவருக்கு இருக்கும் பலத்துக்குப் 'பிடி', திரை மறைவில் காய் நகர்த்தும் பாத்திரங்களுக்குச் 'சூழ்வோர்'. 'சதி' என்ற சொல்லையும் தூக்கி எறிய வேண்டாம். சூழ்வோரில் இருவர் சேர்ந்து மூன்றாமவரைக் கவிழ்க்கத் திட்டம் போடும்போது அந்த ஒரு திட்டத்துக்கு அது சரியான பெயர்.